குறைத்துச் சொன்ன பெறுமதி

உப்புவெளி அருளப்பு
தன் படகு எஞ்சினுக்கு
நாலரை லட்சம் என்று எழுதச் சொன்னார்.
ஒன்பது பெறுமே அண்ணை என்றேன்.
எழுது பிள்ளை, கட்டுப்பணம் குறையும் என்றார்.
கார்த்திகைக் கடல் எஞ்சினைப் பாறையில் அடித்தது.
திருத்தச் செலவு ரெண்டு லட்சம்.
கம்பனி கொடுத்தது ஒன்று.
பாதிப் பெறுமதி சொன்னவருக்குப் பாதி நட்டஈடுதான் என்று
கால்குலேட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்து
ரெண்டு தரம் விளக்கியவள் நான்.

உட்துறைமுக வீதியில்
ஒற்றை அறைக் காப்புறுதி அலுவலகம்,
இந்த மேசையில் ஆறு வருசம்,
நாற்பத்தேழாயிரம்.

கிண்ணியாவிலிருந்து வரும் சப்ரி
சேர்ந்து எட்டு மாசம்.
எந்த பைல் எந்த அலுமாரியில் என்று
இன்னும் என்னைத்தான் கேட்பான்.
தேத்தண்ணிக் கடையில் பராட்டாவைப் பிய்த்தபடி
ஒளிக்காமல் சொன்னான்:
"எனக்கு ஐம்பத்தெட்டு அக்கா.
உங்களுக்கு எழுபதாவது இருக்கும் எண்டு நினைச்சன்."
அன்றைய சம்பல்
அவ்வளவு உறைத்தது.

சாம்பல்தீவு பஸ்ஸில் ஒரு கிழமை
வாய்க்குள் சொல்லிப் பழகினேன்:
அறுபத்தைந்து, சேர்.
பாலம் தாண்டும்போது சத்தமாகவே வந்துவிட்டது.
முட்டை விலையோ என்று கேட்டா
பக்கத்துச் சீற்றில் இருந்த மனுசி.

"நாங்கள் ஒரு குடும்பம், பிள்ளை"
என்று தொடங்கினார் மரியசீலன் சேர்.
குடும்பத்தில் யாரும்
காய்ச்சலுக்கு லீவுக் கடிதம் எழுதுவதில்லை.
அதை நான் சொல்லவில்லை.
"எவ்வளவு எதிர்பார்க்கிறீர்?"
ஐம்பத்தைந்து என்றது வாய்.
பஸ்ஸில் பழகிய வாயா இது?
அவர் முகம் லேசாக இளகியதைக் கண்டேன்.
அருளப்பு கையெழுத்து வைத்தபோது
கம்பனிக்கு ஒரு முகம் இருந்திருந்தால்
அது இப்படித்தான் இருந்திருக்கும்.
"ஐம்பத்திரண்டு பாப்பம்.
கூடுறதைப் பயணப்படியாய்ப் போடுவம்."

அப்போதுதான் மான் வந்தது.
பஸ் நிலையத்தில்
தோடம்பழத் தோல் தின்று திரியும் இந்த ஊர் மான்.
கண்ணாடிக் கதவுக்குள் தலையை விட்டு
புது வருசக் கலண்டர்க் கட்டில்
ஒன்றை இழுத்துச் சப்பியது.
அடிமட்டத்தோடு எழும்பினார் சேர்.
மான் அவரைப் பார்த்தது.
மாசிவரை தின்று முடித்தது.
பிறகு போனது.

அவர் மூச்சு வாங்கி வந்து இருக்கையில் சொன்னேன்:
"நான் சொன்ன பெறுமதி பிழை, சேர்.
திருத்தி எழுத வேணும்.
அறுபத்தைந்து.
படியாய் வேண்டாம், அடிப்படைச் சம்பளமாய்.
படியெண்டா சேமலாப நிதியில சேராது."

போன வருசம் காலாவதியாகவிருந்து
காலாவதியாகாமல் போன
இருநூற்றுப் பன்னிரண்டு பத்திரங்களின் பட்டியலை வைத்தேன்.
ஒவ்வொன்றின் பக்கத்திலும்
நான் கோல் எடுத்த திகதி;
கந்தளாய்க்காரருக்குச் சிங்களத்தில் எடுத்தது
பச்சைப் பேனையில்.

பிறகு வாயை மூடினேன்.
அதுதான் பாடு.
மின்விசிறி கிறீச்சிடுகிறது,
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதுகிறது,
வாய் தானாகவே மன்னிப்புக் கேட்கப் பார்க்கிறது.
மூடியே வைத்தேன்.

அறுபத்தொன்று.
தையிலிருந்து. அடிப்படை. எழுத்தில்.
மிச்ச நாலாயிரம்
இன்னும் அந்த மேசை நடுவில் கிடக்கிறது;
ஆனியில் திரும்பக் கதைப்பம் என்று
நான்தான் சொல்லிவிட்டு எழும்பினேன்.
"சப்ரியிட்டச் சொல்லாதையும்" என்றார்.

சொல்லவில்லை.
தேத்தண்ணிக் கடையில்
பிளேன்ரீயில் விரலை நனைத்து
மேசையில் எழுதிக் காட்டினேன்.
ஈரம் காயுமட்டும் பார்த்திருந்துவிட்டு
"காணாது அக்கா" என்றான்.